ஜுமாதிலின் நெஞ்சுச் சூடு

ஜுமாதிலின் நெஞ்சின் மேல் வைத்த தேநீர்க் கெண்டி கொதித்த அன்று, எங்கள் மலைநகரம் நாரினின் சந்தையில் ஆட்டு ரோமத்தின் விலை இறங்கியிருந்தது. ஊர் இரண்டையும் பேசியது. ரோமத்தைக் கொஞ்சம் கூடுதலாக. அதற்கு முன்பே அவருக்குக் குதிரையேறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கி, தோல் பூட்ஸைப் பக்கவாட்டில் அறுத்துத்தான் மாட்டிவிட முடிந்தது. பக்கத்தில் இருந்த இரும்பெல்லாம் துருப்பிடித்தது. ஒருநாள் கீல் உதிர்ந்து, திறக்கப் போனவர் கையோடு கதவே வந்துவிட்டது.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் புருல் பார்த்துவிட்டு, பழுப்பேறிப்போன தன் ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்து வைத்தாள். இதயம் தளர்ந்துவிட்டது, அதற்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது, அந்த அனலில் ஆக்ஸிஜனே கெட்டுப்போய், இரும்பைத் துரு தின்பதுபோலத் தசையை அரிக்கிறது என்றாள். மற்றவர்களுக்கு இது உள்ளேயே நடக்கும், இவருக்குக் கொஞ்சம் வெளியே கசிகிறது, அவ்வளவுதான். மாத்திரை தந்தாள். உப்பைத் தொட்டால் வசந்தத்தைப் பார்க்க மாட்டார் என்று மனைவி சைக்காலிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்.

நோயை அளக்க சைக்கால் ஒரு தையல் ஊசியை அவர் சட்டையில் குத்தி வைத்தாள். காலையில் துரு கூடாமல் இருந்தால் பாடிக்கொண்டே பால் கறப்பாள். கூடியிருந்தால் அன்று பசுகூட வாயைத் திறக்காது.

மாத்திரை விழுங்கியும் ஊசி கறுத்துக்கொண்டே போனது. காரணம் ஊரின் பாசம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்களுக்கு மானக்கேடு. கொண்டுபோனதை அவர் வாயில் வைக்காவிட்டால் அதைவிட மானக்கேடு. குளிர்காலமாதலால் அந்தச் சூட்டில் குளிர்காயவும் கூட்டம் அலைமோதியது, சினையாடுகளைக்கூட ஓட்டி வந்தார்கள். எல்லார் பையிலும் குருத் இருந்தது, உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டை. யார் மனமும் நோகக்கூடாதென்று ஜுமாதில் எல்லாவற்றையும் சப்பினார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் குருத் என்றால் உயிர்.

ஒரு காலை ஊசி இரண்டாக ஒடிந்தது. சைக்கால் மாட்டுக்கொட்டிலில் போய் அழுதுவிட்டு வந்து, உப்பில்லாமல் ஒரு பெரிய கொப்பரை சூப் வைத்தாள். பக்கத்து வீட்டு சப்பார் வழக்கம்போலக் குருத்தோடு வந்தார்.

"அண்ணே, இந்த வீட்டுல வாய் வைக்காம கிளம்ப மாட்டீங்கல்ல?"

"அதெப்படிம்மா கிளம்புவேன்?"

கிண்ணத்தை நீட்டினாள். ஒரு மடக்கிலேயே அவர் முகம் கோணியது.

"தங்கச்சி, இது சூப்பா, ஆட்டைக் குளிப்பாட்டின தண்ணியா?"

"இவரு எனக்கு உயிரோட வேணும்ணே. உங்க குருத்து அவரைக் கொல்லுது. அவரு குடிக்கிறதத்தான் இனிமே வர்றவங்க எல்லாரும் குடிக்கணும்."

சப்பார் கிண்ணத்தைக் காலி செய்தார். வாசலில் பையை உதறி, குருத்தை நாய்க்குப் போட்டார். மறுவாரமே ஆப்பிளும் உப்பில்லாத ரொட்டியும் வர ஆரம்பித்தன. அந்தச் சூப்பைக் குடித்துக் குடித்துத் தெருவே உப்பை மறந்தது. உப்புக்காரன் மட்டும் சைக்காலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வசந்தத்தில் வீக்கம் வடிந்தது. இதயம் புதிதாகாது, ஆனால் மெதுநடைக் குதிரைக்குப் போதும் என்றாள் புருல். சட்டையில் குத்திய புது ஊசி பளபளவென்றே இருந்தது. அதை உருவி சைக்கால் அறுத்த பூட்ஸைத் தைத்துக் கொடுத்தாள். தைத்து முடிக்கும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் மிஞ்சிய சூடு பால் உறைவதற்குச் சரியாக இருக்கிறது. அக்கம்பக்கத்தார் பால் கிண்ணங்களோடு வந்து அவர் நெஞ்சில் வைக்கிறார்கள். தயிர் உறையும்வரை ஜுமாதில் குதிரையேறக் கூடாது என்பதுதான் இப்போது அந்த வீட்டில் நடக்கும் ஒரே சண்டை.