கப்பலில் கிடைத்த அண்ணன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பெண் கேட்கும் விருந்தில்தான் பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற எங்கள் ஃப்ரீடவுனில் மாப்பிள்ளை வீட்டாரை உடனே உள்ளே விட மாட்டார்கள். வாசலில் நிறுத்தி, கிண்டலடித்து, வியர்க்க வைத்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு அதிகமாகக் கிண்டலடித்தவர் பெண்ணின் அண்ணன். ஆனால் அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. "முன்னோருங்க ஒரே அடிமைக் கப்பல்ல வந்தவங்க" என்றார்கள். எனக்கும் தெரிந்த சங்கதிதான். அன்றைக்கு என்னவோ உறுத்திற்று. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

2

"நீலக்கடல் அமைதியாக—"

வேண்டாம். அடிமைக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவளுக்குக் கடலின் நிறம் எப்படித் தெரியும்?

"ஆங்கிலேயக் காவல் கப்பலின் பீரங்கி முழங்கியதும் விலங்குகள் தெறித்து—"

சுத்தப் பொய். அடிமைக் கப்பலைப் பிடித்த பிறகும் அதே அடித்தட்டில் கிடந்துதான் கரை சேர்ந்தார்கள். வழியிலேயே பலர் போய்விட்டார்கள்.

சரி, நேராகவே சொல்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால், தலாபி என்ற யொரூபா இனப் பெண் விடுதலையாகிவிட்டாள். விடுதலையானவர்களை இதே ஃப்ரீடவுனில் மதில் போட்ட முற்றத்தில் வைத்துப் பூட்டினார்கள்.*

(* இந்த வரியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.)

3

ஆண்களைப் பயிர் செய்ய மலைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெண்களை, யாராவது வந்து மனைவியாகக் கேட்டால் கொடுத்தார்கள். லபோடே என்ற கொத்தனார் வந்தான். அவனும் முன்பொரு கப்பலில் மீட்கப்பட்டவன்தான். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சந்தையில் கிழங்கு பார்ப்பதுபோல வரிசையைப் பார்த்து, தலாபியைக் காட்டினான்.

(இவனைக் கெட்டவனாக்கத்தான் நினைத்தேன். பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான். தானே பொங்கித் தனியாகத் தின்கிறவன். அதற்காக ஒருத்தியை இழுத்துக்கொண்டு போய்விடலாமா? கோபமாக வருகிறது.)

தலாபி மாட்டேன் என்றாள். மொழிபெயர்த்துச் சொல்கிறவனை வைத்துக்கொண்டு முற்றத்தின் வெள்ளைக்கார அதிகாரி விசாரித்தார். ஏற்கெனவே புருஷன் இருக்கிறானா? இருந்தால் அவனோடு அனுப்புவார். இல்லையென்றால் கேட்டவனோடு போக வேண்டியதுதான்.

அவள் ஓஜோவைப் பார்த்தாள். மலைக்குப் புறப்பட நின்றவர்களில் ஒருவன். கப்பலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பங்குத் தண்ணீரை அவள் வாயில் விட்டவன்.

4

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். "இவன்தான் என் புருஷன்" என்று அவளைச் சொல்ல வைத்து, இரண்டு பேரையும் மலைக்கு அனுப்பி, மரவள்ளி நட வைத்து, சுபம் போட்டுவிட்டேன். பிறகு உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் ஆயிற்றே! அந்தப் பொய்யைச் சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். ஆனால் உலகத்தில் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே அண்ணன் இல்லாமல் போய்விடுவான்.

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஓஜோகூடக் கண்ணைக் காட்டினான், பரவாயில்லை, சொல்லிவிடு என்று.

"இவரு எங்க அண்ணன்," என்றாள் தலாபி.

ஒரே அப்பனா, ஒரே ஊரா என்று கேட்டார் அதிகாரி. இரண்டும் இல்லை. அப்படியானால் ஒன்றுமில்லை என்று சொல்லி, லபோடேயோடு போகச் சொன்னார்.

5

(மாற்று முடிவு: அவள் கடலை நோக்கி— கூடாது. பெண்களைச் சாகடித்துக் கதை முடிப்பது எனக்கு அலுத்துவிட்டது.)

(ஓஜோ கத்தியை உருவி— கத்திக்கு அவன் எங்கே போவான்?)

இப்படி வைத்துக்கொள்வோம். லபோடே முன்னால் நடந்தான், பின்னால் தலாபி. அவளுக்குப் பின்னால் ஓஜோ. மலைக்குப் புறப்பட நின்ற, அதே கப்பலில் வந்தவர்கள் அத்தனை பேரும் வழியை மாற்றிக்கொண்டு ஓஜோவின் பின்னால் வந்தார்கள். லபோடேயின் வீட்டு வாசலை மறித்து, தலாபியை நடுவில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னய்யா இது?" என்றான் லபோடே.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாங்கதான். உக்காந்து கேளுங்க."

"அதிகாரி குடுத்துட்டாரே."

"அவரு எந்தக் கப்பல்ல வந்தாரு?" என்றான் ஓஜோ.

போன மழைக்காலத்தில், தன் கப்பல் தங்கையைக் கேட்டு வந்தவனை நனைய நனைய வாசலில் நிறுத்தி வைத்தவன் லபோடே. உள்ளே போனான். குடுக்கையில், பெண் கேட்கக் கொடுக்கிற கோலாக் கொட்டைகளோடு வந்தான். வெளுத்த சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து, ஓஜோவிடம் முறைப்படி பெண் கேட்டான்.

ஓஜோ கை நீட்டவில்லை. திரும்பினான்.

"தங்கச்சி, வாங்கட்டுமா? வேணாம்னா எந்திரி, மலைக்குப் போவோம். யாரு வர்றான்னு பாத்துக்கலாம்."

6

பிடித்தவனும் விற்றவனும் அவளைக் கேட்கவில்லை. மீட்டவர்களும்தான் கேட்கவில்லை. நாலாம் பகுதியில், எல்லாம் தெரிந்த மாதிரி, நானும் கேட்கவில்லை. இப்போதுதான் ஒருத்தன் கேட்டிருக்கிறான்.

பேனாவை மூடிவிட்டேன். என்ன ஆயிற்று என்று என்னைப் பிடுங்காதீர்கள். உங்களுக்குத் தோன்றுவதை அவள் வாயில் திணித்துவிடவும் வேண்டாம். குடுக்கை இன்னும் லபோடேயின் கையில்தான் இருக்கிறது. நீங்களும் இப்படி ஓரமாக உட்காருங்கள். அவள் யோசிக்கட்டும்.