முந்திக்கொண்ட சேறு

அலுவலகத்தில் எல்லாரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் சேற்றுராணி. ஆற்றுத் தண்ணீரில் எவ்வளவு மண் கலந்து வருகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. மேலதிகாரி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். ஆபீஸில் சார், வீட்டில் அண்ணா, சண்டை வந்துவிட்டால் இரண்டும் கிடையாது.

இப்போது சண்டைக்காலம். மலையின் ஒரு பக்கத்தை வீடு கட்டுவதற்காக மொட்டையடித்தாயிற்று, எல்லாம் அண்ணன் போட்ட கையெழுத்தில். அடுத்த பக்கத்தையும் கேட்கிறார்கள். மொட்டையடித்த பக்கத்திலிருந்து இறங்கும் சின்ன ஆறு நேரே ஊரின் குடிநீர் ஏரியில் போய் விழுகிறது. ஏரி தூர்ந்துபோனால் ஊர் எதைக் குடிக்கும்? ஆனால் இதுவரை எடுத்த மாதிரிகள் எல்லாம் கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். அதை நம்பி அனுமதி கொடுக்க, குழு நாளைக் காலையில் கூடுகிறது.

தெளியாமல் என்ன செய்யும்? வெள்ளம் உச்சிக்கு ஏறிய பிறகே தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பெரிய ஆற்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. சின்ன ஆற்றின் கதையே வேறு. உதிரியாய்க் கிடக்கும் மண்ணை முதல் மழையே வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். வெள்ளம் ஏறி முடிக்கும்போது மண் ஏரிக்குள் போய்ப் படுத்திருக்கும். பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நின்று கைகாட்டுகிற கதைதான்.

மத்தியானம் வானம் கறுத்தது. அவள் ஜீப் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? தண்ணி ஏறட்டும், அப்புறம் போகலாம்" என்றான் அண்ணன்.

"ஏறினப்புறம் அங்க என்ன இருக்கும்? உங்க மானத்தைக் காப்பாத்துற தண்ணிதான் இருக்கும்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு பாப்பா."

"அதை நீங்களே வச்சுக்குங்க."

மழை விழ ஆரம்பித்ததும் ஆற்றுப் பாலத்தில் நின்றபோது, அண்ணன் வேலைக்கு உலை வைக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றினால் தோன்றட்டும் என்று கேனைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மேலே வந்தது தண்ணீரா, கரைத்த செங்கல்லா என்று தெரியவில்லை. இரண்டு கேன் நிரப்பினாள்.

காலையில் கேன்களின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. அவற்றைக் கூட்ட அறையில் வைத்துவிட்டு, குழுவினரை அழைத்துவர வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தால் கேன்கள் காலி. அண்ணன் மூலையில் இருந்த வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டிருந்தான். அது தொண்டைவரை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் பேனாவை விட்டுக் குத்திக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?" என்றார் குழுத் தலைவி.

"குழாய் ரிப்பேர், மேடம்."

"குழாய் நல்லாத்தான் இருக்கு. மழை ஆரம்பிச்ச உடனே ஆத்துல எடுத்தது மேடம், வெறும் ரெண்டு கேன்" என்றாள் அவள்.

"இதுவரைக்கும் இப்படி வந்ததா யாரும் சொல்லலையே?"

"இதுவரைக்கும் மண்ணு போனப்புறம்தானே நாங்க போய்க்கிட்டிருந்தோம்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "மானத்தை வாங்காத. முதல்ல இதை எடு."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். குரலைத் தணிக்கவில்லை.

"ஏரியில விழுறதை அள்ள ஒருத்தரும் வரப்போறதில்ல. இது நீங்க ஊத்தினது. நீங்களே அள்ளுங்க."

அண்ணன் தலைவியைப் பார்த்தான். தலைவி அனுமதிக் காகிதத்தைத் தொடாமல் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அள்ள ஆரம்பித்தான். முடிக்கும்வரை யாரும் உட்காரவில்லை.