கறைவரை டிசைன்

திருப்பதி ஓரம் ஏரிக்குள்ளேயே மனை போட்டு, 'லேக் வியூ' என்று பெயர் வைத்தார்கள். பெருமழையில் ஏரி திரும்பி வந்து வேதாவின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. சுவரெல்லாம் மார்பளவுக் கறை. பயந்துபோன கணவர் மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் மனம் மட்டும் வரவில்லை.

விற்றுத்தர வந்த புரோக்கர் சம்பத், கறை உயரத்துக்குக் காவி பூசினார். "இதான்க்கா இப்ப டிசைன்!"

வீடு பார்க்க வந்த சபீனா ஜன்னல் திண்டில் ஆசையாக உட்கார்ந்தாள். குடிவந்த முதல் நாள் வேதாவும் அங்கேதான் உட்கார்ந்தாள்.

"மழை பெஞ்சா உள்ள தண்ணி வருமாக்கா?"

சம்பத் முந்திக்கொண்டார். "ஏழுமலையான் பாத்துக்கினு இருக்காரும்மா!"

"அவரு பாத்துக்கினுதான் இருந்தாரு," என்றாள் வேதா. "டிசைன் வரைக்கும் வந்துச்சு."

சபீனா எழுந்து போனாள். சம்பத் பின்னாலேயே ஓடினார். அடுத்த ஆள் வரும்வரை வீடு தன்னுடையதுதான் என்று வேதா அந்தத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.