கஜு இல்லாத கல்யாணம்

மண்டபத்து மனேஜர் ரவிகுமார் சொல்லிக்கொண்டே போனார். மங்களேஸ்வரியின் கண்கள் அவருக்குப் பின்னால் மூடியிருந்த குசினிக் கதவை விட்டு அகலவில்லை.

"சாப்பாடு, பரிமாற ஆக்கள், மணவறை, பூ, பாத்திரம் எல்லாமே இந்தப் பெக்கேஜுக்குள்ள வந்துடும் மேடம். நீங்க வந்து உக்காந்தா போதும். ஒரே ஒரு விஷயம், வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுவர ஏலாது. குசினிக்குள்ளயும் வெளியாள் வர ஏலாது."

தென்னக்கும்புற தாண்டி, ஆற்றங்கரையோரம் இருந்தது அந்த மண்டபம். அவளுடைய கணவர் மகேந்திரராசாவுக்கு அது பார்த்த உடனேயே பிடித்துவிட்டது. விலை அவர் நினைத்ததைவிட மிக அதிகம்தான். ஆனாலும் அலைச்சல் இல்லை. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எதற்கும் அலைய மனமில்லை.

"தம்பி, கலியாணப் பொம்பிளைக்குக் கஜு ஒத்துவராது," என்றாள் மங்களேஸ்வரி. "வயித்துவலி மாதிரி இல்லை. மூச்சு அடைக்கும். உங்கட சாப்பாட்டில கஜு துளியும் படாது எண்டு நீங்கள் பொறுப்புச் சொல்லுவியளோ?"

ரவிகுமார் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம். எங்க குசினியில தினமும் கஜு அரைக்கிறோம். உங்க சாப்பாட்டுல போடாம விடலாம். ஆனா எங்கேயும் படாதுன்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. யோசிச்சுத்தான் சொல்லணும். கேக்கவே பயமா இருக்கு."

மங்களேஸ்வரி எழுந்துவிட்டாள். பொறுப்புச் சொல்ல முடியாத இடத்துக்கு இவ்வளவு காசு எதற்கு?

மகள் லதுஷாவுக்கு ஏழு வயதிருக்கும்போது கோயிலில் குடித்த, முந்திரிப்பருப்பு மிதந்த பாயாசம்தான் தொடக்கம். முகம் வீங்கி, உதடு நீலம்பாய்ந்து, தாயின் மடியிலேயே துவண்டுபோனாள். அன்றைக்குப் பிழைத்தது பெரிய காரியம். அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் வீட்டுச் சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டுதான் போவார்கள். சனங்கள் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தால் பழகிவிடும் என்றார்கள். கூட்டத்துக்குள் யாராவது அன்பாய் எதையாவது அவள் வாயில் திணித்துவிடுவார்களோ என்று மங்களேஸ்வரி மகளைவிட்டு நகரவே மாட்டாள்.

இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யோகராஜ் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். வீடு புசல்லாவையில். அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவன் வீட்டாருக்குச் சொல்லவேண்டாம் என்று மங்களேஸ்வரிதான் அவனிடம் கேட்டிருந்தாள். வருத்தக்காரப் பெண், நோயாளி என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது.

"பொம்பிளைக்கு மட்டும் நான் சமைச்சுக் கொண்டுவந்தால் என்ன?" என்று அன்றிரவு கேட்டுப் பார்த்தாள்.

"அம்மா, என்ர கலியாணத்திலையாவது எல்லாரோடையும் இருந்து சாப்பிட விடுங்கோ," என்றாள் லதுஷா. "டப்பா வேண்டாம்."

மண்டபத்தை மட்டும் வேறெங்காவது எடுத்து, சமையலைத் தெரிந்த ஆளிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. கட்டுகஸ்தோட்டையில் ராஜலிங்கம் இருந்தார். அவர்களுடைய வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் சமைத்தவர். செலவும் பாதிதான். மங்களேஸ்வரி அடுப்படியிலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

"பயப்படாதேங்கோ அக்கா," என்று அவர் சிரித்தார். "கஜுவைக் கண்ணிலையும் காட்டமாட்டன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ருசி பாத்துச் சொல்லட்டும்."

ஞாயிறு மத்தியானம் ராஜலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் வாழையிலை போட்டார்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குக் குருமா. மங்களேஸ்வரி முதலில் தான் வாயில் வைத்துப் பார்த்தாள். எதிலும் கஜுவின் சுவை இல்லை. லதுஷா சந்தோஷமாய்ச் சாப்பிட்டாள். இரண்டாம்முறை குருமா கேட்டு வாங்கினாள்.

பிறகு கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, நாக்கு கடிக்குது, அரிக்குது."

மகளின் கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. மங்களேஸ்வரி பைக்குள் இருந்த மாத்திரையைப் பிய்த்து அவள் வாயில் போட்டாள். மகேந்திரராசா காரை எடுக்க ஓடினார். ராஜலிங்கம் கரண்டியோடு நின்றபடி, "நான் போடேல்லையே, நான் போடேல்லையே அக்கா," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்ததும் வாகனங்கள் அசையாமல் நின்றன. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் இன்னொரு பஸ். மகேந்திரராசா ஹோனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் சீற்றில் லதுஷா தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். மூச்சு உள்ளே போகும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது.

"கதை பிள்ளை. என்னோட கதைச்சுக்கொண்டிரு."

"ஏலாமல்... கிடக்கு."

அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. பிறகு அதுவும் வரவில்லை. தாயின் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. மங்களேஸ்வரி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தமிழா சிங்களமா என்று தெரியாமல் கத்தினாள். பஸ் சாரதி ஒருவர் எட்டிப் பார்த்தார். காருக்குள் கிடந்த முகத்தைக் கண்டதும் பஸ்ஸை அப்படியே நடைபாதை மேல் ஏற்றி வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். திரைக்கு வெளியே நின்ற மங்களேஸ்வரிக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியவில்லை. காலடிச் சத்தங்கள் மட்டும். மகள் இருமும் சத்தம் கேட்டபோதுதான் தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அவளுக்கு உறைத்தது.

மாலையில் ராஜலிங்கம் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார். காலையில் வேறு வீட்டுக்குக் கஜு அரைத்த அதே மிக்சியில்தான் குருமாவுக்குத் தேங்காய் அரைத்திருக்கிறார்கள். "கழுவினது அக்கா. வடிவாய்க் கழுவினது," என்றார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பிருக்கவில்லை.

யோகராஜ் தாயையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். "மன்னிச்சுக்கங்க அத்தை. இனிமே மறைக்க முடியாது. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மங்களேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். இனிக் கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தாள். அவன் தாய் பாலம்மா கட்டிலருகே போய், லதுஷாவின் வீங்கிய கண்ணிமைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏங்க, இத எங்கிட்ட சொல்லாம வச்சிருந்தீங்களே. நிச்சயத்தன்னைக்கு நான் கஜு போட்ட லட்டு கொண்டாந்தேனே. நானே என் கையால ஊட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" மங்களேஸ்வரி அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டாள்.

அடுத்த நாள் வீட்டில், "அந்த ஆற்றங்கரை மண்டபத்தையே எடுப்பம்," என்றாள் கணவரிடம்.

"அவர் பொறுப்புச் சொல்லமாட்டன் எண்டவரல்லோ?"

"ஓம். அவர் கேட்டுப்போட்டுப் பயந்தவர். ராஜலிங்கம் பயப்படேல்லை. எனக்குப் பயப்படுற ஆள்தான் வேணும்."

ரவிகுமார் இம்முறை தலைமைச் சமையல்காரரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். முந்தின நாளே கஜு, கச்சான் கடலை எல்லாவற்றையும் குசினியைவிட்டு அகற்றுவது, பாத்திரங்களை வேறாய் எடுப்பது, அன்றைக்கு வேறு வேலை எடுக்காமல் விடுவது என்று பேசினார்கள். அந்த நாளின் மற்ற வருமானத்தை மண்டபத்தார் இழப்பதால் செலவு இன்னும் கூடியது. மகேந்திரராசா பெருமூச்சு விட்டார். ஆனால் மறுக்கவில்லை.

"இப்பவும் நூறு வீதம்னு சொல்லமாட்டேன் மேடம்," என்றார் ரவிகுமார். "ஆனா அன்னைக்கு நான் குசினிய விட்டு நகரமாட்டேன்."

கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட மங்களேஸ்வரியின் மனம் குசினிப் பக்கமே இருந்தது. பந்தி தொடங்கும் நேரம். மணமக்கள் இலை முன் அமர்ந்திருந்தார்கள். அப்போது புசல்லாவையிலிருந்து வந்த, யோகராஜின் முதிய அத்தை ஒருவர் கைப்பையைத் திறந்து, தாளில் சுற்றிய ஓர் இனிப்பைப் பிரித்து எடுத்தார். அதன் மேல் வறுத்த கஜு பதிந்திருப்பதை மங்களேஸ்வரி தூரத்திலிருந்தே கண்டாள். "வாயத் தெற கண்ணு," என்று அவர் லதுஷாவிடம் குனிந்தார்.

மங்களேஸ்வரி பந்தியின் மறுமுனையிலிருந்து ஓடத் தொடங்கினாள்.

அதற்குள் பாலம்மாதான் பாய்ந்து போய் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தார். "அண்ணி, வேணாம்! இது அவளுக்கு நஞ்சு," என்றார், பந்தி முழுவதும் கேட்கும்படி. அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலம்மா அதைச் சட்டைசெய்யாமல் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் தானே அவருடைய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டார்.

லதுஷா சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் தாய் எண்ணிக்கொண்டிருந்தாள். எதுவும் நடக்கவில்லை. மகள் யோகராஜிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, கறி இன்னும் கேட்டு வாங்கினாள். குசினி வாசலில் நின்ற ரவிகுமாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மணமக்களின் வாகனம் புசல்லாவைக்குப் புறப்பட்டது. வெறுமையான மண்டபத்தில் மகேந்திரராசா ஒரு கதிரையை இழுத்து மனைவியின் பக்கத்தில் அமர்ந்தார்.

"இவ்வளவு செலவழிச்சது சரியோ மங்களம்?"

"தெரியேல்லை," என்றாள். "இண்டைக்குப் பிள்ளை எல்லாரோடையும் இருந்து சாப்பிட்டவள். நாளைக்கு அங்கை ஆர் என்ன குடுப்பினமோ."

அவள் கைத்தொலைபேசியை எடுத்துப் பாலம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். வாகனம் இன்னும் வழியிலுள்ள கம்பளையைக்கூடத் தாண்டியிருக்காது.