பிரியாணி என்று தேடினால் வருகிறவர்

மேலச்செவ்வூரில் யாராவது கைபேசியில் ஒரு சொல்லைத் தேடினால், அந்தச் சொல்லைச் சட்டைக் காலருக்குள் தைத்திருப்பவர்கள் தேடியவர் வாசலில் வந்து வரிசையாக நிற்பார்கள். கடைக்கு இணையதளம் தொடங்குகிறவர்கள் அதன் குறிச்சொற்களையும் காலரிலேயே தைத்துக்கொள்வார்கள்.

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் இன்னாசிமுத்துவும் இணையதளம் தொடங்கினார். எந்த வாசலுக்குப் போனாலும் வரிசையில் கடைசி இடம்தான். மனிதர் நொந்துபோய், குறிச்சொல் தைக்கும் தனபாண்டியிடம் போனார். தனபாண்டியின் காலர் தோள்வரை விரிந்திருக்கும்.

“ஜனங்க எதத் தேடுறாங்களோ அதத் தைக்கணும்ணே. பிரியாணி போடுங்க.”

“எனக்குச் செய்யத் தெரியாதே தம்பி.”

“செய்யவா சொன்னேன்? தைக்கத்தான சொல்றேன்.”

பிரியாணி, மட்டன் பிரியாணி, சிறந்த பிரியாணி, பக்கத்தில் பிரியாணி என்று தைத்துக்கொண்டே போனதில் காலர் நிறைந்துவிட்டது. மூலையில் ‘ஆரோக்கியமேரி வீட்டுக்காரர்’ இருந்தது, கல்யாணத்தன்று தைத்தது.

“இத ஒரே ஒரு ஆளுதான தேடும்” என்று தனபாண்டி அதைப் பிரித்துத் தன் காலரில் தைத்துக்கொண்டார். பிரித்த சொல் பிரித்தவருக்கே என்பது அந்தத் தொழிலின் முறை.

அன்றிலிருந்து வாசல்தோறும் இன்னாசிமுத்துவுக்கே முதலிடம். கதவைத் திறந்தவர்கள் அவரை மோந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தையல் மெஷின் தேடியவர்கள் பக்கம் போகத்தான் நேரமில்லை.

மதியம் பசியோடு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரரைத் தேடுவது ஆரோக்கியமேரியின் வழக்கம். அன்றும் தேடியிருந்தாள். தனபாண்டி உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“யாருங்க? நாங்க பிரியாணி தேடலயே” என்றாள் அவள்.

“மேரி, நான்தான்.”

“தேடுறப்ப வாங்க.”

நல்ல மனுஷிதான், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. இன்னாசிமுத்து தனபாண்டியைப் பார்த்துக் கெஞ்சினார். “அந்தச் சொல்லத் திருப்பிக் குடுத்துருங்க தம்பி.”

“நல்லா வேல செய்யுற சொல்லுண்ணே. எப்படிக் குடுக்குறது?” என்று தனபாண்டி அப்பளத்தை நொறுக்கினார்.

இன்னாசிமுத்து தெருவில் நின்று அழுதார். அழுது முடிப்பதற்குள் யாரோ பிரியாணி தேடிவிட்டார்கள். போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஆரோக்கியமேரி பிரியாணி என்று தேடினாள். இன்னாசிமுத்து விழுந்தடித்து ஓடினார். ஊரின் பிரியாணி மாஸ்டர்கள் அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளி முதலில் போய் நின்றார்.

“உள்ள வாங்க” என்றாள்.

சொந்த வீட்டில் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்க அவர் எவ்வளவு ஏங்கியிருந்தார்! கண் கலங்கிவிட்டது. அவள் அடுப்படிக்குக் கூட்டிப்போய் அண்டாவைத் திறந்து காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு வந்த அண்டாதான், கைப்பிடியோரத்தில் அவர் பேரும் வெட்டியிருந்தது. வெளியே தனபாண்டி இலை போடும் சத்தம் கேட்டது.

“மூடுறதுக்கு முன்னாடி உப்பு பாத்துக்க மேரி” என்றார்.

பார்த்தாள். சரியாக இருந்தது.