அக்டோபர் மாத வாழ்த்துரை

அக்டோபரில் வரவேண்டிய ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகத்தின் புரூஃப், அச்சுக்கு முன் திருத்தவேண்டிய பிரதி, மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்தது. நாஷ்வில்லில் எங்கள் பதிப்பகம் எப்போதும் அரை வருடத்துக்கும் மேலே முன்னால்தான் வாழும். கிறிஸ்துமஸ் பாடத்தை ஈஸ்டருக்கு முன்பே திருத்தி முடித்துவிடுவோம். அதனால்தான் தலைவர் நாற்காலிக்குக் குறி வைத்தவர் மாட்டிக்கொண்டார்.

முதல் பக்கம் தலைவரின் வாழ்த்துரை. இருபத்திரண்டு வருடமாக அங்கே வெர்டெல் க்ரச்சர் அம்மாவின் படம்தான். கறுப்பினச் சபைகளுக்காகக் கறுப்பினத்தாரே நடத்தும் எங்கள் பதிப்பகத்தில் தலைவராக உட்கார்ந்த முதல் பெண் அவர். இந்தப் புரூஃபில் அந்த இடத்தில் துணைத் தலைவர் பாஸ்டர் திரெட்கில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே, 'ஓய்வு பெற்ற அன்புச் சகோதரி வெர்டெலுக்கு நம் நன்றி' என்று போட்டிருந்தது. ஓய்வு என்று அம்மா வாயே திறக்கவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழு கூடுவதே ஜூனில்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் ஒரு மாதமாக அம்மாவுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டதும், "முழங்கால் வலி எப்பிடி இருக்கு சிஸ்டர்?" என்று குழைந்ததும் எதற்கென்று புரிந்துபோனது. ஆனாலும் புரூஃபை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நாளைக்கே அவர் தலைவராகிவிட்டால் முதலில் போவது என் வேலைதானே. வியாழக்கிழமைதான் மனசு கேட்காமல் அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா நிதானமாகப் படித்தார். சிவப்புப் பென்சிலால் ஒரு கமா போட்டார்.

"என் நாற்காலி வேணுமாம், ஒரு வாக்கியம் ஒழுங்கா எழுத வரல," என்றார். சிரித்துவிட்டோம்.

சபைகளின் போன் நம்பர் நோட்டை எனக்கும் அவருக்கும் நடுவில் விரித்தார்.

"ஜூனுக்குள்ள எல்லாரையும் நம்ம பக்கம் சேக்கணும். மாதர் சங்கத்துலேருந்து ஆரம்பிப்போம் லவோன். பாதியை நீ கூப்பிடு, பாதியை நான்." பேசிக்கொண்டே புரூஃபைத் திருப்பியவர் நிறுத்தினார். பின்பக்கம் தேதி முத்திரை இருந்தது.

"இது திங்கக்கிழமையே வந்திருக்கே."

"ஆமாம்மா."

"நாலு நாளு. யாரு கை ஓங்கும்னு பாத்துட்டிருந்தியா?"

"ஐயோ, இல்லம்மா. பயந்துட்டேன்."

"யாருக்கு? அவனுக்கா, எனக்கா?"

அம்மா நோட்டை மூடித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா."

வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.