கண்ணாடி மாளிகை ஆள்

காரைக்குடியில் பொருட்காட்சி போட்டுவிட்டால் போதும், பூமிநாதனுக்கு எங்கிருந்தாவது ஒரு வேலை முளைத்துவிடும். ஒரு வருஷம் புதுவயல் மில்லில் நெல் அவிக்க ஆள் இல்லை என்றான். அடுத்த வருஷம் கீழச்சிவல்பட்டியில் பங்காளி வீட்டுக் காதுகுத்து என்றான். அதற்கடுத்த வருஷம் சாக்கு ஒன்றும் அகப்படாமல், மகளுக்கு உடம்பு சுடுகிறது என்று தெர்மாமீட்டரை உதறி உதறிக் காட்டினான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது அந்தத் தெர்மாமீட்டருக்கே தெரியும்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் அவன் மனைவி பொன்னழகு விடுவதாக இல்லை.

"கீர்த்திக்கு எட்டு வயசாச்சு. தெருவுல அம்புட்டுப் புள்ளைகளும் ராட்டினம் சுத்திட்டு வந்து கதை கதையாச் சொல்லுதுக. இது மட்டும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிது. நீங்க வராட்டிப் போங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி, போவோம். ஆனா அந்தக் கண்ணாடி மாளிகைக்குள்ள மட்டும் புள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்."

"ஏன், கண்ணாடி கடிச்சிருமாக்கும்?"

காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவள் சிரித்துத் தீர்த்துவிடுவாள். சிரிக்காமல் நம்பிவிட்டால் அது அதைவிட மோசம்.

விஷயம் இதுதான். பூமிநாதனுக்கு ஏழு வயதிருக்கும்போது அவனைப் பெற்ற அய்யா வயிரவன் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு பொருட்காட்சி போடுகிற இதே மகர்நோன்புப் பொட்டலுக்கு வந்தார். வயலும் வரப்புமே கதியென்று கிடந்த மனிதர், அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டி, தோளில் சிவப்புத் துண்டு போட்டிருந்தார். அம்மாடி, அன்றைக்கு அந்தப் பொட்டல் ஒரு தனி உலகமாக இருந்தது! ராட்டினத்தின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டு வந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரன் சுவரில் படுத்தபடி ஓட்டினான். கடைசியாகக் கண்ணாடி மாளிகை. அய்யா டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்து, "நீ போயிட்டு வாடா, நான் வெளிவாசல்ல நிக்கிறேன்" என்று அனுப்பினார்.

உள்ளே போனவனுக்கு வழி தெரியவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் அவனே நின்றுகொண்டிருந்தான். அவன் அழ, அத்தனை பேரும் அழுதார்கள். அப்போது ஒரு மீசைக்கார ஆள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டார். பயத்தில் அந்த ஆளின் இடது கையை இறுக்கிப் பிடித்தபோது, மோதிர விரல் பாதிதான் இருந்தது. அந்த ஆள் வெளிவாசலில் அவனை அய்யாவிடம் விட்டார். விட்டவர் தேம்பித் தேம்பி அழுதார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மறுபடி உள்ளே போனார்.

"பாவம், அந்தாளு தன் புள்ளையத் தொலைச்சிட்டு நிக்கிறான் போல" என்று வீட்டுக்கு வரும் வழியில் அய்யா சொன்னார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வளர்ந்து புதுவயல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் இடது கை பெல்ட்டுக்குள் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று கையைப் பார்த்தான். மோதிர விரல் பாதிதான் இருந்தது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டாள். அவனுக்கு வலி எங்கே தெரிந்தது, கண்ணாடிக்குள் தன்னைத் தூக்கிய அந்தக் கைதான் கண்ணில் நின்றது. அன்றைக்கே மீசையை மழித்துப் பார்த்தான். கலியாணத்தன்று பங்காளிகள் கேலி செய்த கேலியில் மறுபடி வைத்துக்கொண்டான். அய்யாவிடம் கேட்டு அந்த ஆளின் முகத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவர் வரப்பிலேயே மாரடைப்பில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பேத்தியைக்கூடப் பார்க்கவில்லை. கீர்த்தி பிறந்த அன்று ஊரெல்லாம் சீனி கொடுத்தவன், கொல்லைக்குப் போய்த் தனியாக அழுதான். என்றைக்கோ ஒரு நாள் அந்தக் கண்ணாடிகளுக்குள் பிள்ளையைத் தொலைக்கப் போகிற ஆள் தான்தான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

பொட்டலுக்குள் நுழைந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம்? ராட்டினம் பக்கத்துப் புளியமரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். தொட்டிக்குத் தொட்டி துரு. மரணக் கிணற்றின் பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் டீசல் நாற்றம். கீர்த்தி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, "அப்பா, எம்புட்டு உசரம்!" என்றாள். கண்ணாடி மாளிகையையும் பார்த்தான். அது நாலு தகரமும் ஒரு கிழிந்த தார்ப்பாயும்தான். போர்டில் எழுத்துப் பிழை வேறு.

மனசு லேசாகிவிட்டது. லேசானதுதான் தப்பு. டெல்லி அப்பளம் வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனான். கூட்டத்தில் இடிபட்டு மூன்று அப்பளத்தோடு திரும்பியபோது பொன்னழகு தனியாக நின்றாள்.

"புள்ள எங்க?"

"அங்குட்டுத்தான், கண்ணாடிக்குள்ள. பக்கத்து வீட்டுப் புள்ளைக போச்சுக, இதுவும் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நாந்தான் அனுப்பினேன். ஏங்க, ஏன் இப்புடி முழிக்கிறீக?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று. பொட்டல் முழுக்க விளக்கு போனது. தகரக் கொட்டகையிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூச்சலிட்டபடி ஓடிவந்தன. கீர்த்தி வரவில்லை. பூமிநாதன் அப்பளத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

தார்ப்பாய்க் கிழிசல் வழியாக அந்தி வெளிச்சம் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. மீசைக்காரர்கள் நாலாபக்கமும் அவனோடு ஓடினார்கள். வெளியிலிருந்து பார்த்த கொட்டகை பத்தடிகூட இராது. உள்ளே அவன் ஓட ஓட வளைந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கோ உள்ளே, "அப்பா!" என்று கீர்த்தியின் குரல் கேட்டது.

"வந்துட்டேன் தாயி! அங்கயே நில்லு!"

ஒரு முடுக்கில் திரும்பியபோது காலில் ஏதோ வந்து கட்டிக்கொண்டது. ஒரு பையன். தொளதொள நிக்கர், பித்தான் போன இடத்தில் ஊக்கு. மூக்கு ஒழுக, "அய்யா, அய்யா" என்று ஏங்கி ஏங்கி அழுதான். அந்த ஊக்கை பூமிநாதனுக்குத் தெரியும். அம்மா தன் தாலிக்கயிற்றிலிருந்து கழற்றிக் குத்திய ஊக்கு அது. வயிற்றில் குத்திக் குத்தி, அன்றைக்கு ராட்டினத்தில்கூட வலித்தது.

இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பார்த்தான். மீசைக்காரன் காலை ஒரு பையன் கட்டிக்கொண்டு நின்றான். அப்படியே வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றார்கள்.

"அப்பா!" குரல் இன்னும் உள்ளே போய்விட்டது.

பையனை உதறிவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. உதறினால்? இந்தப் பையன் இங்கேயே கிடந்தால் மில் ஏது, பொன்னழகு ஏது, கீர்த்தி ஏது? அதெல்லாம் கிடக்கட்டும், பயந்து நடுங்குகிற பிள்ளையை எந்த மனுஷன் உதறுவான்? தூக்கிக்கொண்டான். பையன் அவன் இடது கையைப் பிடித்தான். பாதி விரலைத் தடவிப் பார்த்தான். பூமிநாதன் பெற்ற மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிவாசலுக்கு ஓடினான்.

சாக்குத் திரையை விலக்கியதும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. அந்த வெளிச்சத்தில், வெளுத்த வேட்டியும் சிவப்புத் துண்டுமாக வயிரவன் நின்றுகொண்டிருந்தார். தலை கருகருவென்று இருந்தது. பூமிநாதனைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார்.

"அடடே, எம் மகனைத் தூக்கியாந்துட்டீகளா! நல்லா இருப்பீகய்யா." அவர் பையனை வாங்கிக்கொண்டார். வேர்வையும் புகையிலையுமாக அந்த வாசனை அப்படியே அடித்தது. "ஏன் அழுவுறீக? ஒங்க புள்ளையும் உள்ள இருக்கா?"

பெற்ற அப்பன் அவனை வாங்க போங்க என்று பேசுகிறார். அய்யா, நான்தான், பூமி என்று சொல்ல வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. மடைதிறந்த மாதிரி வந்தது. வரப்பில் விழுந்தவரைத் தூக்க முடியாமல் போன நாளிலிருந்து தேக்கிவைத்த அழுகை அது. அட கடவுளே, அந்த ஆள் அழுதது இதற்குத்தானா? இவரைப் பார்த்துத்தானா?

"நிக்காதீக, போங்க. போயி ஒங்க புள்ளையப் பாருங்க" என்று வயிரவன் அவன் தோளைத் தட்டினார்.

போக மனசில்லை. ஆனாலும் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சாக்குத் திரை விழும்வரை அந்தச் சிவப்புத் துண்டு தெரிந்தது.

உள்ளே நாலடி வைத்ததும் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது. பார்த்தால் அது பத்தடிக் கொட்டகைதான். யாரும் இல்லை. வந்த வழியே சாக்குத் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தான். வயிரவன் இல்லை. அந்த இடத்தில் பொன்னழகு நின்றாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீர்த்தி நின்றாள்.

பூமிநாதன் மண்ணில் உட்கார்ந்து மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். "எப்புடித் தாயி வந்தே?"

"ஒரு அத்தை தூக்கியாந்து விட்டாக. அவுகளுக்கும் இங்ஙன தழும்பு இருக்குப்பா, என்னய மாதிரியே." கீர்த்தி புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். அடிபம்பில் விழுந்து வாங்கிய தழும்பு அது.

பூமிநாதன் பொன்னழகைப் பார்த்தான்.

"ஆமாங்க. யாரோ ஒரு பொம்பள, பாத்த முகமாத்தான் இருந்துச்சு. புள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு, 'இவுக அப்பா எங்க?'ன்னு கேட்டுச்சு. தேடி உள்ள போயிருக்காகன்னேன். 'இப்ப வந்துருவாகளா'ன்னு திரையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நிக்கவும் முடியல, போகவும் மனசில்ல. அப்புறம் அழுதுக்கிட்டே உள்ள போயிருச்சு. பாவம், தன் புள்ளையத் தொலைச்சிருச்சு போல."

அவன் கீர்த்தியின் புருவத் தழும்பைப் பார்த்தான். "தலை நரைச்சிருந்துச்சா பொன்னழகு?"

"இதென்ன கேள்வி? நரையெல்லாம் இல்ல. எம் வயசுதான் இருக்கும்."

பொன்னழகுக்கு முப்பது வயது. கணக்குப் போடக் கூடாது என்று நினைத்தான். போட்டும்விட்டான்: கீர்த்திக்கு முப்பது ஆக இன்னும் இருபத்திரண்டு வருஷம், அதற்குள் தான் இருக்கப்போவதில்லை.

அந்தப் பெண் தன்னைப் பார்க்கவில்லையே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தனக்காவது வேர்வை வாசனையும் தோளில் ஒரு தட்டும் கிடைத்தன. அவளுக்கு அதுவும் இல்லை. சட்டென்று எழுந்து கீர்த்தியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வெளிவாசலுக்கு நேராக, டியூப்லைட் முகத்தில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாக்குத் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்பா, ராட்டினத்துக்குப் போவோம்ப்பா. இங்க எதுக்கு நிக்கிறோம்?"

"போவோம் தாயி. எத்தனை சுத்து வேணாலும் சுத்துவோம். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவோம். உள்ள போன அத்தை திரும்பிப் பாத்தாலும் பாப்பாக."

கீர்த்தி திரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவனும் பாதி விரல் கையை உயர்த்தி ஆட்டினான்.